கோட்டைக்கு ஒரு வாசல்

"அம்மா, உன் நெஞ்சுக்குள்ள தவளை இருக்கா?"

ஃபிளோரா சிறுமியாக இருந்தபோது, அருளாயியின் மார்பில் காதை வைத்துப் படுத்தபடி கேட்டாள்.

"ஆமா, மழை வந்தா கத்தும்" என்று சிரித்து மழுப்பிவிட்டாள் அருளாயி.

ஃபிளோரா இப்போது குவைத்தில் நர்ஸ். தாறுமாறாகத் துடிக்கும் அந்தத் தவளைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அவளுக்குத் தெரியும். அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறாளா என்று ஞாயிறுதோறும் போனில் கேட்பாள்.

மாத்திரை போட்டால் தவளை அடங்கியது. கூடவே கையும் காலும் அடங்கின. குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தால் வயலும் வரப்பும் சுழன்றன.

அதனாலேயே போன வருடம் நடவு நாட்களில் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். தவளை துள்ளிய துள்ளலில் சேற்றில் விழுந்ததுதான் மிச்சம். தஞ்சாவூர் டாக்டர் திட்டினார். ஆனால் வேலையை விடச் சொல்லவில்லை. உடம்பு அசையத்தான் வேண்டும், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நிமிரும்போது நிதானமாக நிமிருங்கள் என்றார்.

நிதானம்! நடவு வயலில் அதை எங்கே போய்த் தேடுவது?

பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வயலின் அகலத்தில் ஆளுக்கொரு பங்கு. ஒருத்தி பின்தங்கினால், அவள் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் குறுக்கே நட்டு அடைத்துவிடுவார்கள். அதற்குக் கோட்டை கட்டுவது என்று பெயர். மாட்டிக்கொண்டவள் நாற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வெளியே வர வேண்டும். வயலே சிரிக்கும்.

சிரித்தால் சிரிக்கட்டும். நடவுக்கு ஆள் கூட்டி வரும் வீரையன் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"அக்கா, இன்னைக்கும் முடியலன்னா சொல்லிடுங்க. இனிமே உங்க வாசலுக்கு வந்து கூப்பிடல."

சோற்றுக்குக் குறைவில்லை, ஃபிளோரா அனுப்புகிறாள். ஆனால் ஊரே நடவுக்குப் போகும் நாளில், யாரும் கூப்பிடாத வீட்டில் உட்கார்ந்திருப்பதை அருளாயியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்று மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

வெயில் ஏறியது. கால்கள் சேற்றோடு ஒட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் அவளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டார்கள்.

"அருளாயிக்கு இன்னைக்குக் கோட்டைதான்டி!" இடப்பக்கத்திலிருந்து ரெத்தினம் கூவினாள். "குவைத்து மக வந்து கதவத் தொறந்துவிடட்டும்!"

வீரையனின் குடை இந்தப் பக்கம் திரும்பியது.

மாதாவே, விழாமல் இருந்தால் போதும். ஒரு கையை முழங்காலில் ஊன்றி, மூச்சு விட்டு, மெல்ல ஓர் அடி பின்னால் வைத்தாள்.

வலது குதிகாலில் நாற்று உரசியது.

கட்டிவிட்டார்கள்.

நாற்று வந்திருப்பது வலப்பக்கத்திலிருந்து. அங்கே குஞ்சம்மாள். அருளாயியின் ஆடு அவள் வீட்டுக் கீரைப் பாத்தியை மேய்ந்த நாளிலிருந்து, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதற்காகத்தான் காத்திருந்தாளா?

குனிந்தபடியே கால்களுக்கிடையில் பின்னால் பார்த்தாள்.

அவள் பங்கின் வலப்பாதியில் மட்டும் நாற்று நின்றது. இடப்பாதியில் வெறும் தண்ணீர். ஓர் ஆள் பின்னால் நகரும் அகலம், வரிசை வரைக்கும் நேராகத் திறந்து கிடந்தது.

அவள் நட வேண்டியது இனிப் பாதிதான்.

ரெத்தினம் அடைப்பதற்காக இந்தப் பக்கம் கையை நீட்டினாள். "உன் பங்கப் பாருடி மொதல்ல! நட்டதெல்லாம் மெதக்குது!" என்று குஞ்சம்மாள் தலையைத் தூக்காமல் ஒரு சத்தம் போட்டாள். எல்லோரும் ரெத்தினத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

அருளாயி நட்டாள். அவசரப்படாமல் நட்டாள். மாதா கோயில் மணி அடித்தபோது வரிசையோடு வரிசையாக வரப்பைத் தொட்டிருந்தாள். முழங்காலில் கையை ஊன்றி, மெல்ல, மெல்ல நிமிர்ந்தாள். வயல் சுழலவில்லை. வீரையனின் குடை வேறு பக்கம் போயிருந்தது.

குஞ்சம்மாள் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. இதே போல ஒரு சம்பா நடவு. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு, ரவிக்கையில் பால் கசிய, பக்கத்தில் தடுமாறிய குஞ்சம்மாள். அன்று அவள் பங்கில் பாதியை ஒரு கை ஓசைப்படாமல் நட்டுக்கொண்டே போனது. அந்தப் பிள்ளை இன்று சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நட்ட அருளாயிதான் அதை மறந்திருந்தாள்.

குஞ்சம்மாள் இடக்கைக்காரி. அவள் ஊன்றிய நாற்று லேசாகச் சாய்ந்து நிற்கும். அருளாயியின் பங்கில் சரிபாதி அப்படித்தான் சாய்ந்து நின்றது.

வேர் ஊன்றிப் பச்சை பிடித்தால் அதுவும் நிமிர்ந்துவிடும்.