பச்சைப் பை ஏறுகிறது

விமானம் இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதற்குள் ஒன்றரை வயதுக்காரன், பணிப்பெண் பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சுச் சாற்றைத் தன்மேலும் அக்காமேலும் அம்மாவின் மடியிலும் கவிழ்த்துவிட்டான். சன்னலோரத்தில் நான்கு வயது அக்கா, ஈரக் கவுனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி வீறிடுகிறாள். சின்னவன் விடும் ஒவ்வோர் உதைக்கும் முன் இருக்கையின் வழுக்கைத் தலை ஒருமுறை ஆடுகிறது. அவன் காலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறுகையைக் கணவன் பக்கம் நீட்டுகிறாள் அம்மா. “மாத்துத்துணி வெச்ச பச்சைப் பையை எடுங்க.” அவன் ஹெட்போனைக் கழற்றுகிறான். “அதையும் பெட்டிங்களோட போட்டுட்டேனே. கையில எதுக்கு வெட்டிச் சுமைன்னு...” முன் இருக்கையிலிருந்து பாதுகாப்பு அட்டையை உருவி, நாளைக்குப் பரீட்சை என்பதுபோலப் படிக்கத் தொடங்குகிறான். பதினோரு மணி நேரப் பயணம். பிசுபிசுப்பு அவள் புடவையைத் தாண்டித் தொடைவரை இறங்குகிறது. திடீரென்று மகளின் அழுகை நிற்கிறது. “அம்மா, நம்ம பச்சைப் பை!” கீழே வெயிலில், ஓடும் பட்டையின் மேல், பெரிய பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பை நிதானமாக ஏறி விமானத்தின் வயிற்றுக்குள் நுழைகிறது. மகள் கண்ணாடியில் ஒட்டும் விரல்களை அசைத்து அதற்கு டாட்டா காட்டுகிறாள். “நீங்களும் ஒரு டாட்டா காட்டிடுங்க,” என்கிறாள் அம்மா, கணவன் பக்கம் திரும்பாமலே.