ஏறியாச்சா?

“எல்லாரும் கண்ண மூடிக்கினா, நீ கீறியான்னு யாரு மாமா பாப்பாங்க?”

மம்தா ஒரு நாள் டைட்டஸிடம் இப்படிக் கேட்டாள். எட்டு வயது. அவள் அம்மா அமலா பதறிப்போய் மகளின் வாயைப் பொத்தினாள்.

இன்று விடியற்காலைக் கூட்டத்தில் அவர்கள் இருவரின் பாய்களும் காலியாகக் கிடந்தன.

அது டைட்டஸுக்கு மட்டும்தான் தெரியும். மூடிப்போன சுரங்கத்தின் பழைய ஸ்டோர் கட்டடத்தில் மற்ற எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே அவர்களுடைய குருவான அய்யாவும் கண்மூடியிருந்தார்.

அந்த நேரத்தில் பேச்சு கூடாது. டைட்டஸ் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே பெயர் படிப்பான். பெயர் கேட்டவர் விரல் முட்டியால் தரையில் ஒருமுறை தட்ட வேண்டும். பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவர்கள், உயிரோடிருப்பதை அப்படித்தான் தட்டித் தெரிவித்தார்களாம். அய்யாவின் அப்பா தட்டித்தான் பிழைத்தாராம்.

தட்டும் சத்தம் வராவிட்டால் ஜீப் கிளம்பும்.

போன வருடம் சுனிலை மாரிகுப்பம் ஸ்டேஷனிலிருந்து அந்த ஜீப்தான் திருப்பிக் கொண்டுவந்தது. ரயில் படியில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசுவதில்லை.

வருகிற பௌர்ணமியிலிருந்து மம்தா அய்யாவின் வீட்டில் வளர்வாள், பெற்றவள் அவளைப் பார்க்கக் கூடாது என்று திங்கட்கிழமை உத்தரவாகியிருந்தது.

கூட்டத்துக்கு வரும் வழியில், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மண்மேட்டுப் பாதையில் இரண்டு உருவங்கள் ஸ்டேஷன் பக்கம் வேகமாகப் போவதை டைட்டஸ் பார்த்தான். பார்க்காதவன்போல் வந்துவிட்டான்.

சுவர்க் கடிகாரத்தில் ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம்.

“பார்வதம்மா.” தட்டும் சத்தம். “கோபால்.” தட்டும் சத்தம்.

மெதுவாகப் படிக்கலாம்தான். ஆனால் அய்யாவின் காதுக்கு அவன் நடையின் வேகம் பழக்கம்.

“அமலா.”

ஒன்றுமில்லை. அய்யாவின் தலை லேசாகச் சாய்ந்தது.

டைட்டஸ் கடவுளை நினைத்துக்கொண்டான். அய்யா பயங்காட்டும் கடவுளை அல்ல. சின்ன வயதில் அம்மா காட்டித்தந்தவரை.

காலிப் பாயருகே குனிந்து, தரையில் ஒருமுறை தட்டினான்.

“மம்தா.”

அவள் எப்போதும் இரண்டு முறை தட்டுவாள். எத்தனை அதட்டியும் மாறவில்லை. சுண்டுவிரல் முட்டியால் மெதுவாக இரண்டு முறை தட்டினான்.

அய்யாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது.

மீதிப் பெயர்களையும் அதே வேகத்தில் படித்து முடித்தான். கண்ணைத் திறக்குமுன், ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசி கேஜ் மேலே வரும்போது கேட்பதுபோல, அய்யா தினமும் ஒரு வார்த்தை கேட்பார். இன்றும் கேட்டார்.

“ஏறியாச்சா?”

டைட்டஸ் கடிகாரத்தைப் பார்த்தான். ரயில் நேரம் தாண்டி மூன்று நிமிடம்.

“எல்லாரும் ஏறியாச்சுங்க அய்யா.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். அது நடுங்கவில்லை.

போன மழைக்காலத்தில் அய்யா அவனை நாற்பது நாள் தகர அறையில் அடைத்து, யாரும் அவனோடு பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார். தினமும் துணி உலர்த்தும் நேரத்தில் தகரத்தின் வெளிப்பக்கம் யாரோ ஒருமுறை தட்டுவார்கள். அதற்குச் சற்றுக் கீழே, இடுப்பு உயரத்தில், சின்னதாக இரண்டு தட்டு கேட்கும்.

பயத்தில், ஒரு நாள்கூட அவன் பதிலுக்குத் தட்டியதில்லை.