ஏழாவது படி

மகளின் படம் ஏழாவது படியில்தான் இருக்க வேண்டும் என்று ரெமெடியோஸ் ஒற்றைக் காலில் நின்றாள்.

இறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீடு திரும்புவதாக ஊர் நம்பும் நாள். தையற்கூடத்தில் மகள் இட்சேலின் மெஷின் இருந்த மூலையில் பெட்டிகளை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, ஏழு படி கட்டியாயிற்று. வாசலிலிருந்து துலுக்கச் சாமந்தி இதழ்களைத் தூவியாயிற்று.

கீழ்ப்படியில் ரொட்டியும் உப்பும் ஒரு தம்ளர் தண்ணீரும். நெடுவழி வருகிறவர்களுக்குத் தாகம் எடுக்கும்.

உச்சிப் படியில் இட்சேலின் படம், அதைச் சுற்றித் தடித்த மெழுகுவர்த்திகள். அவள் போன பிறகு வரும் முதல் வருஷம். வெளிச்சம் அணைந்தால் பெண் வழி தெரியாமல் தவித்துப்போவாளே என்பதுதான் தாய்க்குக் கவலை.

குழாய், மின்சாரம் பார்க்கும் எவாரிஸ்தோ அண்ணாந்து பார்த்தான். தீப்பிடித்தால் தண்ணீர் கொட்டுவதற்காகக் கூரையில் ஓடும் குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவப்புத் திரவம். மெழுகுவர்த்திக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

“அக்கா, படத்தை எறக்கிடு. சூடு ஏறுனா அந்தச் செவப்புத் தண்ணி உப்பிக் கண்ணாடிய ஒடச்சிடும். அடைப்பு விழுந்து கொட்டிடும். அதுக்கு ஒன் மெழுகுவத்தியும் ஒண்ணுதான், ஊரே எரியிறதும் ஒண்ணுதான்.”

“எம் பொண்ண எறக்கச் சொல்றியா? ஒன் மாமியா படத்த எறக்குடா, போ.”

கூடத்தில் தைக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவளிடம் அதற்குமேல் பேச யாருக்கு மனசு வரும்?

பெண்கள் தங்கள் பங்கு ரொட்டியைப் பிய்க்கும்போது மேலே ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

அடுத்த நொடி கொட்டியது. குழாயில் பல நாள் கிடந்த கறுப்புத் தண்ணீர். மெழுகுவர்த்திகள் எல்லாம் அணைந்தன. படம் சரிந்து விழுந்தது. தம்ளர் உருண்டது.

கூடத்தின் மறுகோடியில் ஒரு சொட்டு இல்லை. சூடு பட்ட குமிழ் மட்டும்தான் உடையும். மற்றவை பேசாமல் தொங்கின.

எவாரிஸ்தோ வால்வை மூட ஓடினான். வெளிச்சம் போயிற்றே என்று யாரோ அழுதார்கள்.

ரெமெடியோஸ் நனைந்தபடி மேலே பார்த்தாள்.

“நாலு மெழுகுவத்திக்கு என்ன வேகமா வர்றே,” என்றாள் குழாயிடம்.

போன வருஷம் இதே மூலையில் நூல் மூட்டையில் பிடித்த தீ இட்சேலைச் சுற்றிக்கொண்டபோது, மேலே வெறும் கூரைதான் இருந்தது. குழாய்கள் வந்தது அவளைப் புதைத்த பிறகு.

வால்வில் கை வைத்த எவாரிஸ்தோவை அவள் தடுத்தாள். தரையில் கிடந்த தம்ளரை எடுத்து, கொட்டும் தண்ணீரில் நீட்டினாள்.

“கொஞ்சம் பொறுடா. தண்ணி தண்ணின்னு கத்திக்கிட்டேதான் போனா.”

தம்ளர் நிரம்பி வழிந்தது. அவள் கையை இறக்கவில்லை.