என்ன காய்?

பூங்காவில் ஒரு சிறுமி சுண்டுவிரலை நீட்டி, "உன்கூட காய்" என்றாளாம். வீட்டிலேயே வைத்து நான் பாடம் சொல்லித்தரும் என் மகள் யாழ்மொழி, "என்ன காய்? கத்திரிக்காயா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஸ்கூலுக்கு அனுப்பினாத்தானே நாலு பிள்ளைங்களோட பழகத் தெரியும்?" என்று பக்கத்து வீட்டு சுகந்தி என் வாசலுக்கே வந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசாம இருக்கறதுக்கா ஸ்கூலு? இந்த அசிங்கமெல்லாம் என் வீட்டுக்கு வேணாம்" என்று கதவைச் சாத்தினேன்.

"காய்னா பேசிக்காம இருக்கறதாம்மா?" என்றாள் யாழ்மொழி.

"ஆமா."

"அது எனக்குத் தெரியுமே. பேருதான் தெரியாம இருந்துச்சு." தன் சுண்டுவிரலால் அப்பாவின் அறையைக் காட்டினாள். "சாப்பிட வரச் சொல்லட்டுமா, இல்ல இன்னிக்காவது நீயே சொல்றியா?"