வலது காலின் ஓரம்

மாலை ஆறேகால் மணி. தூறல் நின்று குளிர்காற்று வீசத் தொடங்கியிருந்தது. கொடியில் தொங்கிய நீளக் கால்சட்டை, பக்கத்திலிருந்த அரைக்கால் சட்டையிடம் கேட்டது: "நாளை சைக்கிளில் போக மேகலை யாரை அணிவாள்?"

"குளிர்ந்தால் உன்னை, வெயிலடித்தால் என்னை. அதற்கு ஏனப்பா இப்படி நடுங்குகிறாய்?"

"இன்று சைக்கிள் செயின் என் வலது ஓரத்தைக் கடித்துவிட்டது. இன்னொரு முறை கிழிந்தால் முழங்காலோடு வெட்டிவிடுவாள். குட்டையாகவே பிறந்த உனக்கு என்ன தெரியும்!"

அரைக்கால் சட்டை தன் ஓரத் தையலைக் காட்டியது. மற்ற தையல்களெல்லாம் நீலம். அது மட்டும் கறுப்பு.

"போன குளிர்காலத்தில் நான் உன்னைவிட நீளம்."

மறுநாள் காலை பனி மூடியிருந்தது. மேகலை நீளக் கால்சட்டையை அணிந்து, வலது ஓரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு புறப்பட்டாள். அது வழியெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டே சென்றது. அரைக்கால் சட்டை கொடியில் அசையாமல், திரும்பி வரும் சைக்கிளின் மணியோசைக்குக் காத்திருந்தது.