எழுப்பும் வரிசை

இதய அறுவைக்கு முறை வரும்வரை உறங்க வைக்கப்பட்ட செல்வினை நாகர்கோவிலின் உறக்க மருத்துவமனை ஏழு வருடங்களாக எழுப்பவில்லை. அறுவைக்கூடம் காலியாகும்போதெல்லாம், அறுவை சீக்கிரம் முடியக்கூடிய நோயாளியையே இயந்திரம் முதலில் எழுப்பும். செல்வினுக்குப் பத்து மணி நேரம் வேண்டும்.

இன்று காத்திருப்போர் குறைந்ததால் திரையில் அவன் பெயர் வந்தது. மனைவி ஜெபராணி சம்மதத்துக்கு விரல் வைக்கப் போனபோது, ஒருவர் தன் மகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடிவந்தார்.

"அரை மணி நேர வேலைதாம்மா. கொஞ்சம் விட்டுக் குடுங்க."

இதற்கு முன் நான்கு முறை அவன் பெயர் வந்தபோதும், இதே பேச்சுக்குத் தலையாட்டி அவள் வீடு திரும்பியிருந்தாள். இன்னும் இருபது விநாடிகளில் விரல் வைக்காவிட்டால், சிறுமியின் பெயர் மேலே ஏறிவிடும். வண்டியில் கிடந்த சிறுமி அவளையே பார்த்தாள்.

ஜெபராணி திரையில் விரலை அழுத்தினாள்.

"எம் புள்ள என்ன ஆவா?" அவர் கத்தினார்.

"தூங்க வச்சிருவாங்க, ஒண்ணும் ஆகாது. பத்து மணி நேரத்துல உங்க புள்ளயத்தான் முதல்ல எழுப்பும்," என்றாள் ஜெபராணி. "இவர எழுப்ப ஏழு வருசம் ஆச்சுண்ணே."

அவர் வண்டியை ஓரமாக நகர்த்தினார். உள்ளே செல்வின் இருமுவது கேட்டது.