அளவு மீறிய குரல்

பத்தாங் காலி என்ற ஊரில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் சுகுமாரனிடம் கங்கா ஒரு கேசட்டைக் கொண்டுவந்தாள். வீடு எரிந்தபோது இறந்துபோன அவள் கணவர் பாடியது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஓடவிட்டதும் பாட்டு கரகரத்தது.

“சத்தத்தக் கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுக்கிற இந்தச் சிப்பு ரெண்டு வோல்ட்டுதான் தாங்கும்க்கா. அதுக்கு மேல வந்தா அலையோட தலைய வெட்டிடும். அதான் கரகரப்பு” என்றபடி சுகுமாரன் உள்ளே போகும் ஒலியின் அளவைக் குறைத்தான்.

கரகரப்பு போனது. பாட்டும் போனது.

“கங்கா, கதவத் தொற! எரியுது!” என்று ஓர் ஆண் குரல் தெளிவாக அலறியது.

சுகுமாரன் பதறிப்போய்க் கேசட் பிளேயரின் வயரைப் பிடுங்கினான். அலறல் நிற்கவில்லை. ஒலியளவைக் காட்டும் மீட்டர் முள் சிவப்பிலேயே நின்றது.

கங்காவின் முகம் மாறவில்லை.

“அன்னிக்கும் இப்படித்தான் கத்தினாரு. நான் தொறக்கல. பாட்டு வேணாம் லா தம்பி, இதையே பதிஞ்சு குடுங்க.”